ஒன்றில் நின்ற ஊசி

பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு நான்காவது கார் செம்மநத்தத்தைக் கடந்திருக்க வேண்டும். கடந்த கையோடு, அந்த வளைவில் உட்கார்ந்திருந்த என் மகள் ரேடியோவில் கூப்பிட்டு அதைச் சொல்லியிருக்க வேண்டும். முதல் மூன்று கார்களுக்கும் சொல்லியிருந்தாள். ஒவ்வொரு முறையும் அவள் குரலைச் சுற்றி இரைச்சல் கொஞ்சம் கூடிக்கொண்டே வந்தது. மழைத் தூறல், மூடுபனி, அவள் கையில் இருப்பதோ சின்ன செட்; அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். நான்காவது காருக்கு இரைச்சல் மட்டுமே வந்தது.

ஏற்காட்டில் நடந்த ஒரு கார் ரேலி அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கைபேசியை எங்கள் ஊரில் யாரும் கண்ணால் பார்த்திராத காலம். குறுகலான மலைப் பாதையில் கார்களை ஒவ்வொன்றாக விடும்போது, எது எந்த வளைவைத் தாண்டியது என்று சொல்ல எங்களைப் போன்ற அமெச்சூர் ரேடியோக்காரர்களைத்தான் கூப்பிடுவார்கள். எங்களுக்கு ஹாம் என்று பெயர். பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, சொந்தச் செலவில் செட் வைத்துக்கொண்டு தெரியாதவர்களோடெல்லாம் பேசுகிறவர்கள். ரேலி வேலைக்குச் சம்பளம் கிடையாது. மதியச் சாப்பாடும் ஒரு தொப்பியும் கொடுப்பார்கள். அந்தத் தொப்பியை வருஷம் முழுக்கப் போட்டுக்கொண்டு திரிவோம்.

எங்கள் வீடு ஏரிக்கு மேலே மேட்டில் இருந்ததால் மொட்டை மாடியிலேயே கட்டுப்பாட்டு நிலையம். நான்தான் கன்ட்ரோல். நாகலூரில் ஒரு எஸ்டேட் ரைட்டர், கணக்கு எழுதுகிறவர், அவரும் ஹாம். அடுத்தது செம்மநத்தம், அங்கே என் மகள். கல்லூரியில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். லைசென்ஸ் கைக்கு வந்து சில மாதங்கள்தான். கொடி காட்ட, ரேலி நடத்திய கிளப்பின் ஆள் ஒருவர் அவளோடு இருந்தார். அவள் கிளம்பும்போது நான் ஒரு யோசனை சொல்லி அனுப்பினேன். வளைவின் உள்பக்கம் பாறை மறைக்கும், வெளிப்பக்க ஓரமாக உட்கார், அங்கேதான் சிக்னல் நன்றாக எடுக்கும் என்று.

வேகமாக வருகிற கார் வளைவில் பிடி தவறினால் வெளிப்பக்கம்தான் சறுக்கும். அது எந்த அப்பனுக்கும் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. எனக்கு சிக்னல்தான் தோன்றியது.

இந்த இடத்தில் அனலைசரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் பொழுதுபோக்கில் பாதி நேரம் ஆன்டெனாவைச் சரியான நீளத்துக்கு வெட்டுவதிலேயே போய்விடும். கம்பி கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும், இணைப்பில் கோளாறு இருந்தாலும், செட்டிலிருந்து போகும் சக்தி காற்றில் கலக்காமல் திரும்பி வந்துவிடும். எழுபதுகளில், நான் தபால் ஆபீசில் தந்தி தட்டத் தொடங்கிய புதிதில், சின்ன டார்ச் பல்பைக் கம்பியில் கோத்து அது எவ்வளவு பிரகாசமாக எரிகிறது என்று பார்த்து முடிவு செய்வோம். பல்பு சொன்னதைக் கேட்டு சில்வர் ஓக் மரத்தில் ஏறி இறங்கியே என் ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன. மரத்தைச் சுற்றி மிளகுக் கொடி படர்ந்திருக்கும். எஸ்டேட் பெண்கள் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார்கள்.

"ஏனுங்க, மொளகு பறிக்கறீங்களா, திருடறீங்களா?"

"கம்பி கட்றனுங்க. காத்துல பேசறதுக்கு."

"கீழ எறங்கிப் பேசுங்க. நாங்க கேக்கறோம்."

தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான் ஆன்டெனா அனலைசர் என்னிடம் வந்தது. கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் சேலத்தில் குடியிருந்தார். அவர் வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் வாங்கியது. செங்கல் அளவில் சாம்பல் நிறப் பெட்டி. தலையில் கேபிள் மாட்டும் வாய், முகத்தில் ஒரு மீட்டர், கீழே அலைவரிசையை மாற்றும் திருகு. அவருக்கு மொபெட் தேவைப்பட்டது, எனக்கு அந்தப் பெட்டி தேவைப்பட்டது. மாற்றிக்கொண்டோம். பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

என் மனைவி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வண்டியக் குடுத்துட்டு வந்துட்டீங்க. சரி. நாளைக்கு இதுல ஏறித்தான் ஆபீஸ் போவீங்களா?"

அன்றிலிருந்து நடந்துதான் ஆபீஸ் போனேன். அதில் எனக்கு வருத்தமே இருந்ததில்லை. அந்தப் பெட்டி தானே ஒரு மெல்லிய சிக்னலை ஆன்டெனாவுக்குள் அனுப்பி, எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும். ஊசி ஒன்றில் நின்றால் எதுவும் திரும்பவில்லை, எல்லாம் சுகம் என்று அர்த்தம். இரண்டு என்றால் சமாளிக்கலாம். மூன்றைத் தாண்டினால் எங்கோ கோளாறு. திருகைத் திருப்பத் திருப்ப ஊசி மெல்ல இறங்கி ஒன்றில் வந்து உட்காருவதைப் பார்க்கும்போது, ராத்திரி முழுக்கக் காய்ச்சலில் கிடந்த குழந்தையின் நெற்றியைக் காலையில் தொட்டுப் பார்த்தது போல இருக்கும்.

மற்ற ஹாம்களுக்கும் அதைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். மடியில் வைத்துக்கொண்டு நாகலூர் பஸ்சில் போனபோது கண்டக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க அது, முள்ளெல்லாம் ஆடுது?"

"ஆன்டெனா பாக்கற பொட்டிங்க."

"வெடிக்காதுங்களே?"

"வெடிக்காதுங்க."

"எதுக்கும் கடைசி சீட்டுக்குப் போயிருங்க."

வாங்கிய சில மாதங்களிலேயே அதை ஒருமுறை நான் கொன்றுவிட்டேன். கோடை இடி குமுறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் ஆன்டெனா கேபிளைக் கொண்டுவந்து நேராக மாட்டினேன். உயரத்தில் கட்டிய கம்பி இடி மேகத்திலிருந்தும் காற்றிலிருந்தும் மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அது மொத்தமும் பெட்டிக்குள் பாய்ந்தது. உள்ளே இருக்கும் டயோடு, அரிசி மணியளவு கண்ணாடிச் சாமான், பொசுங்கிப் போயிற்று. திரும்பி வருவதை அளக்கிற கண் அதுதான்.

அதே டயோடு சேலம் கடைவீதியில் கிடைக்கவில்லை. அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மகள் பரணிலிருந்து செத்துப்போன ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவை இறக்கிக்கொண்டு வந்தாள். அதற்குள் ஏறக்குறைய அதே மாதிரி ஒன்று இருந்தது. அதிகச் சூடு பட்டால் அந்த டயோடு கெட்டுவிடும். ஆகவே நான் ஈயம் வைக்க, அவள் இடுக்கியால் அதன் காலைக் கவ்விப் பிடித்துச் சூட்டை வாங்கிக்கொண்டாள். மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். "மூச்சு விடலாம் சாமி" என்ற பிறகுதான் விட்டாள். சமையலறை மேசை முழுக்க ஈயப் புகை வாசம். ஊசி மறுபடி அசைந்தது. அவள் என் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாழ்க்கையில் நான் எதையாவது திரும்ப வரவழைத்துக்கொள்ள முடியுமானால் அந்த மேசையைத்தான் கேட்பேன்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. கேபிளைப் பெட்டியில் மாட்டுவதற்கு முன், அதன் நடு ஊசியையும் வெளி உறையையும் ஸ்க்ரூ டிரைவரால் சேர்த்து ஒரு தட்டுத் தட்ட வேண்டும். தேங்கிய மின்சாரம் அதில் இறங்கிவிடும். நான் கேபிளைக் கையில் எடுத்தால் போதும், வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் மகளின் குரல் வரும்.

"தட்டுனீங்களாப்பா?"

"தட்டிட்டேன் கண்ணு."

"அடுப்பப் பத்த வெக்கறதுக்கு முன்னால நானும் தட்டோணுமா?" என்று மனைவி உள்ளேயிருந்து கேட்பாள்.

ரேலிக்கு முந்தின இரவு இடி இடித்துக் காற்றடித்தது. விடிந்தும் விடியாமலும் கிளப் ஜீப்பில் மகள் கிளம்பிப் போய்விட்டாள். நான் மாடிக்குப் போய், காற்றில் ஆன்டெனாவுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று பார்க்க கேபிளை எடுத்து அனலைசரில் மாட்டினேன். வீடு அமைதியாக இருந்தது. ஊசி ஒருமுறை துள்ளியது. பிறகு இறங்கி, ஒன்றில் வந்து நின்றது. அவ்வளவு அழகாக ஒன்றில் நின்று நான் பார்த்ததேயில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நல்லாருக்குதுங்க," என்றாள். "காப்பி ஆறுது."

இரண்டு நாற்பது தாண்டி, நான் மகளைக் கூப்பிடத் தொடங்கினேன். முறைப்படி அவளுடைய அழைப்பு எழுத்துகளைச் சொல்லி, பிறகு என்னுடையதைச் சொல்லி, பிறகு காத்திருந்து. பதில் இல்லை. நாகலூரைக் கூப்பிட்டேன். நான்காவது கார் தன்னைத் தாண்டிப் போனது உறுதி என்றார் ரைட்டர்.

"நல்ல வேகமுங்க. செம்மநத்தம் எனக்குக் கேக்காதுங்க, நடுவுல மேடு. உங்களுக்கும் கேக்கலீங்களா?"

"கேக்கலீங்க."

ஒரு நிலையம் பேசாமல் போனால் அடுத்த காரை விடக் கூடாது. நாகலூரோடு எல்லாக் கார்களையும் நிறுத்தச் சொன்னேன். கிளப்பின் சார்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், சமவெளிக்காரர், நல்ல மனிதர்தான், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார், வரிசையா வண்டி நிக்குது. பாப்பா செட்ட ஆஃப் பண்ணிட்டு டீ குடிக்கப் போயிருக்கும்."

"எங்க பாப்பா டீ குடிக்காதுங்க," என்றாள் என் மனைவி. அவள் எப்போது மாடிக்கு வந்தாள் என்று தெரியவில்லை.

மறுபடி கூப்பிட்டேன். போன கார் எங்கே என்பதும் தெரியவில்லை, அவள் எங்கே என்பதும் தெரியவில்லை. இரண்டும் ஒரே வளைவில் காணாமல் போயிருந்தன. வெளிப்பக்க ஓரமாக உட்கார் என்று நான் சொன்ன வார்த்தை என் வாயிலேயே இருந்தது. அதற்குக் கீழே பள்ளம். பள்ளத்தில் காபிச் செடிகள், அவற்றுக்கு நடுவே பாறைகள். எத்தனையோ முறை நடந்துபோன இடம்.

ரேடியோவில் பேசுவதற்கு எங்களுக்கு ஒழுங்கு உண்டு. சொந்தப் பேச்சு கூடாது, உறவு சொல்லிக் கூப்பிடக் கூடாது. பரீட்சைக்கு அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவனே நான். நாலைந்து முறை கூப்பிட்டு ஓய்ந்த பிறகு, என் கை மைக்கை அழுத்தியது. "கண்ணு, அப்பா பேசறேன். எங்க சாமி இருக்கற? ஒரு வார்த்த சொல்லு. பட்டனையாவது அமுத்து. கண்ணு." மலை மேல் செட் வைத்திருந்த எல்லோருக்கும் அது கேட்டிருக்கும். பிறகு நாகலூர் ரைட்டர், "கன்ட்ரோல், ஒண்ணும் ஆயிருக்காதுங்க," என்று மட்டும் சொன்னார்.

கீழே மருத்துவ ஜீப் ஒன்று நின்றிருந்தது. அதைச் செம்மநத்தத்துக்கு அனுப்பச் சொன்னேன். நானும் எழுந்தேன். எழுந்தவன் அப்படியே உட்கார்ந்தேன். கன்ட்ரோல் செட்டை விட்டு எழக் கூடாது. வேறொரு வளைவில் வேறொருவர் கூப்பிடலாம்.

மனைவி கொடியில் கிடந்த சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். "நீங்க கன்ட்ரோலு. எந்திரிக்கக் கூடாதும்பீங்க. நான் கன்ட்ரோல் இல்லீங்களே." படியில் இறங்கிப் போய்விட்டாள். கிளப்காரரும் அவள் பின்னாலேயே போனார்.

ஜீப் சத்தம் மூடுபனிக்குள் போனதும் எனக்குச் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. மைக்கைப் பிடித்துக் கூப்பிட்டேன், காத்திருந்தேன். கை சும்மா இருக்க முடியாமல் செட்டிலிருந்து ஆன்டெனா கேபிளைக் கழற்றியது. அனலைசரை இழுத்து சுவிட்சைப் போட்டேன். நான் இன்னும் கேபிளை மாட்டவில்லை. ஊசி ஒன்றில் நின்றது.

எதுவும் மாட்டாமல் விட்டால் ஊசி கடைசிக்குப் போய் முட்ட வேண்டும். கேபிளை மாட்டினேன். ஒன்று. கழற்றினேன். ஒன்று. திருகை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பினேன். எதைக் கேட்டாலும் எல்லாம் சுகம் என்றது அது. காலையில் நான் தட்டாமல் மாட்டியிருக்கிறேன். டயோடு அந்த நிமிஷமே போயிருக்கிறது. திரும்பி வருவதைப் பார்க்கும் கண் போய்விட்டால், எதுவும் திரும்பி வரவில்லை என்றுதானே பெட்டி சொல்லும்.

அப்படியானால் ஆன்டெனாவை யாரும் பார்க்கவேயில்லை.

ஸ்க்ரூ டிரைவரும் கத்தியும் எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினேன். கம்பத்தில் கேபிள் சேரும் இடத்தில், சுற்றியிருந்த டேப் இரவுக் காற்றில் பிரிந்து நாக்கு மாதிரி தொங்கியது. இணைப்பைத் திருகிக் கழற்றியதும் உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டியது. மதியத் தூறல் முழுக்க அதற்குள் இறங்கியிருந்தது. என்னுடைய செட் பெரியது. இந்த நிலையிலும் என் குரல் ஓரளவு வெளியே போயிருக்கும். அவள் கையில் இருந்த சின்ன செட்டின் சிக்னல் இங்கே வந்து சேர வழியில்லை. நான் பேசுவது அவளுக்குக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவள் பேசுவது எனக்குத்தான் கேட்கவில்லை. தொட்டியின் மேல் நின்றபடி, அந்த ஒரு எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு எனக்கு உயிர் வந்தது.

நனைந்த நுனியை வெட்டித் தள்ளி, புதிதாகச் சீவி, கம்பியைக் கம்பியோடு முறுக்கி, மேலே பால் கவரைச் சுற்றிக் கட்டினேன். அளந்து பார்க்க ஒன்றும் இல்லை. இறங்கி வந்து செட்டில் மாட்டினேன். நாகலூர் ரைட்டர் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலப் பேசினார். இதுவரை கேட்காத தூரத்துப் பேச்செல்லாம் கேட்டது. ஆன்டெனா சரியாகிவிட்டது.

மகளைக் கூப்பிட்டேன்.

பதில் இல்லை.

மறுபடி கூப்பிட்டேன். அந்த நேரத்தைப் பற்றி எழுத எனக்கு இப்போதும் முடியவில்லை. பழுது என் பக்கம் இருந்தவரை ஒரு சாக்கு இருந்தது. அதை நானே என் கையால் சரி செய்து எடுத்துவிட்டேன்.

அந்தப் பெட்டியை மறுபடி திறக்க எனக்கு வெகுநாள் மனம் வரவில்லை. பிறகு மகள்தான் ஒரு விடுமுறையில் வந்து டயோடை மாற்றினாள். இந்த முறை இடுக்கியைப் பிடித்தது நான். இன்றும் அது நன்றாக வேலை செய்கிறது. ஆனால் சுவிட்சைப் போட்டதும், கேபிளை மாட்டுவதற்கு முன், ஊசி கடைசிக்குப் போய் முட்டுகிறதா என்று பார்த்துக்கொள்வேன். முட்டினால்தான் நிம்மதி. அவள் இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, நல்லா இருக்கேன் என்கிறாள். அந்தச் சொல் அவ்வளவு சுலபமாக வந்தால் நான் இன்னும் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறேன். மனைவி ரிசீவரைப் பிடுங்கிக்கொள்கிறாள்.

அன்று பனிக்குள்ளிருந்து ஹாரன் சத்தம்தான் முதலில் வந்தது. பிறகு மங்கலாக இரண்டு விளக்குகள். ஜீப் வாசலில் நிற்கும் முன்பே என் மனைவி இறங்கிவிட்டாள். கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தாள். அவள் குரல் சாதாரணமாக இருந்தது.

"நீங்க கூப்புட்டது அத்தனையும் கேட்டுச்சாமா. பதில் சொல்லிச் சொல்லியே பேட்டரி தீந்துபோச்சாமா. கண்ணு, சாமின்னு நீங்க கூவுனத கொடி காட்டறவரு வேற கேட்டுட்டு, இப்ப அவரும் அப்படித்தான் கூப்புடறாரு."

அவளுக்குப் பின்னால் மகள் இறங்கினாள். தலையில் ரேலித் தொப்பி. முழங்கால் வரை சேறு. கையில் செத்த செட். படியேறி மாடிக்கு வந்து, மேசைக்கு எதிரே நின்றாள். மேசை மேல் கேபிள் இல்லாமல் ஒன்றில் நின்ற ஊசியைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். ஏதோ கேட்க வந்தவள் கேட்காமல், செட்டை வாயருகே கொண்டுபோய், நான் சொல்லிக் கொடுத்த முறைப்படி நிதானமாகச் சொன்னாள்.

"கன்ட்ரோல், செம்மநத்தம். நாலாம் நம்பர் இன்னும் என்னைத் தாண்டல. வளைவுக்கு முன்னாலயே கிளட்ச் போயிருச்சு. தள்ளி ஓரமா நிறுத்தியிருக்கோம். யாருக்கும் அடி இல்ல. ஓவர்."